ஆள் தெரியாத நோய்

1

திருவிழா மலர்க்குழுவிலிருந்து பேசிய தம்பி மிகவும் மரியாதையாகத்தான் கேட்டார். "யக்கா, அந்தமான்ல இருக்கிற நம்ம ஊர் ஆளுவ அனுபவம் ஒண்ணு வேணும். கடலு, தென்னை, பழைய ஜெயிலு, மீன் வெல, எதையாவது நாலு பக்கம் எழுதிருங்க. ஒரு போட்டோவும் அனுப்பிருங்க."

கடல் உங்களுக்கும் இருக்கிறது. தென்னையும் இருக்கிறது. ஜெயிலை இந்த முப்பது வருடத்தில் இரண்டு முறை பார்த்திருக்கிறேன், இரண்டு முறையும் ஊரிலிருந்து வந்தவர்களைக் கூட்டிக்கொண்டு போய். மீன் விலை, நான் எழுதி நீங்கள் அச்சடிப்பதற்குள் மாறிவிடும். ஆகவே இந்த வருடம் எனக்குக் கிடைத்த ஒரு நோயைப் பற்றி எழுதுகிறேன். கிடைத்தது என்பதும் சரியில்லை. அது பிறந்ததிலிருந்தே என்னிடம் இருந்திருக்கிறது. இந்த வருடம்தான் அதற்கு ஒரு பெயர் இருப்பதைச் சொன்னார்கள். அன்று ஆஸ்பத்திரி வாசலில் நின்று நான் சிரித்த சிரிப்பைப் பார்த்து, வாட்ச்மேன் எனக்குப் பேரப்பிள்ளை பிறந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டு வாழ்த்துச் சொன்னார்.

போட்டோ அனுப்பியிருக்கிறேன். அதில் இருப்பது நான்தான் என்று என் கணவர் சேவியர் உறுதியாகச் சொல்கிறார்.

2

எனக்கு முகங்கள் நினைவில் நிற்காது. பார்க்கும்போது கண், மூக்கு, வாய் எல்லாம் தெளிவாகத் தெரியும். அந்தப் பக்கம் திரும்பினால் போய்விடும். மறுபடி பார்த்தால் புதிய ஆள்.

நம் ஊரில் இது எனக்கே தெரியாமல் போனதற்குக் காரணம் நீங்கள் எல்லோரும்தான். நம் ஊரில் யாராவது மெதுவாகப் பேசியிருக்கிறீர்களா? கடல் காற்றில் கத்திக் கத்திப் பழகிய ஊர். ஆள் வருவதற்கு முன்னால் குரல் வந்துவிடும். மேலும் யார் எந்த இடத்தில் இருப்பார்கள் என்பது கோயில் மணி மாதிரி நிச்சயம். வலை பிரிக்கும் இடத்தில் இருப்பவர் என் மாமா, தண்ணீர்க் குழாயடியில் சண்டை போடுகிறவர் என் சித்தி. முகத்தைப் பார்க்க வேண்டிய அவசியமே எனக்கு ஏற்படவில்லை. ஒரே ஒரு தடவை, எட்டு வயதில், தேரன்று அம்மா என்று நினைத்து வேறொருவர் சேலையைப் பிடித்துக்கொண்டே பக்கத்து ஊர் வரை போய்விட்டேன். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தீர்களே தவிர, இந்தப் பிள்ளைக்கு என்ன கோளாறு என்று ஒருவரும் கேட்கவில்லை.

கல்யாணமான நாலாம் நாள் சென்னையில் கப்பல் ஏறினோம். சேவியரின் அப்பா நம் பக்கத்துக் கடற்கரையிலிருந்து போய்ப் போர்ட் பிளேரில் குடியேறியவர். சேவியர் அங்கேயே பிறந்தவர், படகு எஞ்சின் மெக்கானிக். நீலச் சட்டை போட்டிருந்தார். அந்தக் கப்பலில் எத்தனை நீலச் சட்டைகள் இருந்தன என்பதை அந்த ஆண்டவர்தான் அறிவார். முதல் நாள் மதியம் கேன்டீனில் அவருக்கு எதிரே உட்கார்ந்து, அம்மா கட்டிக்கொடுத்த புளிச்சோற்றைப் பரிமாறி, பொரித்த மீனைத் தட்டில் வைத்து, வெட்கத்தோடு தலையைக் குனிந்துகொண்டேன். அவர் மூன்றாம் முறை தட்டை நீட்டியபோது, பின்னாலிருந்து என் கணவரின் குரல் கேட்டது.

"ஸ்டெல்லா, அந்த அண்ணன் யாரு?"

அந்த அண்ணன் யார் என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. ஆனால் நல்ல பசியில் இருந்தார். கடைசி வரை மறுக்கவே இல்லை. புதுப்பெண், கடல் மயக்கம் என்று சேவியர் தானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டார். அந்தக் கடல் மயக்கம் எனக்கு முப்பது வருடம் நீடித்தது.

3

போர்ட் பிளேருக்கு இப்போது காகிதத்தில் வேறு பெயர். ஒரு ஊர் தன் பெயரையே மாற்றிக்கொள்ளலாம், யாரும் அதனிடம் முகம் கோணுவதில்லை. நான் ஒரு ஆளை அடையாளம் தெரியாமல் நடந்து போனால் மட்டும் ஊரே கோணியது.

நாங்கள் இருப்பது குட்வில் எஸ்டேட்டில். இங்கே வங்காளி, தெலுங்கர், மலையாளி, ராஞ்சிக்காரர், தமிழர் எல்லோரும் ஒருவரோடொருவர் பேசுவது இந்தியில். மெயின்லேண்ட் இந்திக்காரர்கள் அதைக் கேட்டால் காதைப் பொத்திக்கொள்வார்கள். எனக்கோ அது வரப்பிரசாதமாக அமைந்தது. தெலுங்குக்காரர் ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு உகரத்தை வாலாகக் கட்டுவார். வங்காளிக்கு அகரமெல்லாம் ஓகாரம். மலையாளி ஒரு வாக்கியம் முடிவதற்குள் அடுத்ததைத் தொடங்கிவிடுவார். வாயைத் திறந்தால் ஆளைப் பாதி கண்டுபிடித்துவிடுவேன். மீதியை நடை, செருப்புச் சத்தம், தலைமுடி, மூக்குத்தி இவற்றை வைத்துத் தேற்றிக்கொள்வேன். என் இந்தி எப்படி என்று கேட்காதீர்கள். அதில் தன்னைப் பற்றிச் சொல்வதற்கும் ஆண்பால், பெண்பால் உண்டு; ஐந்து வருடம் 'நான் போகிறேன், நான் வருகிறேன்' என்பதையெல்லாம் ஆண்பாலில் சொல்லிக்கொண்டிருந்தேன். யாரும் திருத்தவில்லை. கர்வக்காரியைத் திருத்த யாருக்குத் தைரியம் வரும்?

ஆம், கர்வக்காரி. அதுதான் எனக்கு இந்த ஊர் கொடுத்த பெயர். "காலையில அரை மணி நேரம் சிரிச்சுப் பேசினா, சாயங்காலம் பஜார்ல பாத்து யாரோ மாதிரி போறா." சொன்னவர்கள் பொய் சொல்லவில்லை. அப்படித்தான் போனேன்.

இதில் வேடிக்கை என்னவென்றால், இப்படிப்பட்ட எனக்குக் கிடைத்த வேலை. தீவுக்குத் தீவு போகும் கப்பலுக்கு டிக்கெட் கொடுக்கும் ஓர் அலுவலகம். எது என்று சொல்லமாட்டேன், பென்ஷன் வாங்க வேண்டியிருக்கிறது. தீவுவாசிகளுக்குக் கட்டணம் குறைவு, மற்றவர்களுக்கு அதிகம். அதனால் கவுண்டரில் இருப்பவர், தீவுவாசி அட்டையில் உள்ள படத்தையும் எதிரே நிற்கும் ஆளின் முகத்தையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். அந்தக் கவுண்டரில் என்னை இருபத்திரண்டு வருடம் உட்கார வைத்தார்கள்.

படத்தையும் பார்ப்பேன், முகத்தையும் பார்ப்பேன். இரண்டும் எனக்கு இரண்டு வெவ்வேறு ஆட்கள். ஆகவே அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு கேள்வி கேட்பேன். அப்பா பெயர் என்ன, எந்த வார்டு, பிறந்த தேதி என்ன. அடுத்தவன் அட்டையோடு வந்தவர்கள் அப்பா பெயரில் தடுக்கி விழுந்தார்கள். மற்ற கவுண்டர்களில் முகத்தைப் பார்த்தே அனுப்பினார்கள், சித்தப்பா அட்டையில் அண்ணன் மகன் போய்விடுவான். என் கவுண்டரில் முடியாது. ஒரு குடியரசு நாளில் 'கூர்மையான பார்வை'க்காக எனக்குப் பாராட்டுச் சான்றிதழ் கொடுத்தார்கள். கொடுத்த அதிகாரியை மறுநாள் படிக்கட்டில் பார்த்து வழிவிடச் சொன்னேன்.

4

இனிச் சொல்லப்போவது சிரிக்கும் விஷயம் இல்லை.

சேவியருக்கு ஒரே தங்கை. ஞானஸ்நானப் பெயர் மேரி, வீட்டில் பேபி. லிட்டில் அந்தமானில், ஹட் பேயில், டிபன் கடை வைத்திருக்கிறாள். நான் இங்கே வந்த புதிதில் எனக்கிருந்த ஒரே சிநேகிதி. இடுப்புக்குக் கீழே தொங்கும் பின்னல், வெண்கலக் குரல். அவளை மட்டும் நான் ஒருநாளும் தவறவிட்டதில்லை. மற்றவர்கள் குறை சொல்லும்போது, "எங்க மைனிக்கு மனசு வெள்ளை, அவ ஏதோ யோசனையில போயிருப்பா" என்று எனக்காகச் சண்டை போடுவாள்.

பதினொரு வருடத்துக்கு முன் என் மாமனார் இறந்தார். அடக்கம் முடிந்து பேபி மெயின்லேண்ட் போய், அப்பா ஆத்துமாவுக்காக நேர்ந்துகொண்டு வேளாங்கண்ணியில் மொட்டை போட்டிருக்கிறாள். எனக்குத் தெரியாது. திரும்பி வந்தவள், வீட்டுக்கு வராமல் நேராக என் கவுண்டர் வரிசையில் வந்து நின்றிருக்கிறாள். என்னை ஆச்சரியப்படுத்த வேண்டுமாம். பேசவில்லை. அட்டையை நீட்டிவிட்டுச் சிரித்துக்கொண்டே நின்றாள்.

கப்பல் புறப்பட ஒரு மணி நேரம் இருந்தது. வரிசை தெருவரைக்கும் நீண்டிருந்தது. அப்பா பெயர் அட்டையின் பின்பக்கம் இருக்கும், பதிலைக் கேட்ட பிறகுதான் திருப்பிப் பார்ப்பேன். முன்பக்கம் மேரி. எங்கள் தீவுகளில் எத்தனை மேரிகள்! படத்தில் முடி இருந்தது, எதிரே இருந்தவளுக்கு முடி இல்லை. படத்தைப் பார்த்தேன். முகத்தைப் பார்த்தேன். திரும்பவும் படம், திரும்பவும் முகம். அந்தச் சிரிப்பு எனக்குச் சந்தேகத்தைக் கொடுத்தது. வழக்கமான கேள்வியை இந்தியில் கேட்டேன்.

"அப்பா பெயர் என்ன?"

சிரிப்பு நின்றது. அவள் என் மாமனார் பெயரைச் சொன்னாள். அந்தக் குரலில் சொன்னாள்.

நான் எழுந்து நின்றுவிட்டேன். "ஏட்டி பேபி! நீயா? நான் கவனிக்கலட்டி."

"கவனிக்கலையா? ரெண்டு நிமிசமா என் மூஞ்சியையேதான பாத்துக்கிட்டு இருந்த?" என்றாள். வரிசை முழுக்கக் கேட்டது. "அப்பா போயி நாப்பது நாளு ஆவல. இத்தன பேரு முன்னால அவரு பேரக் கேக்குத. கவர்மெண்ட் நாற்காலில இருந்தா எங்களத் தெரியாது, என்ன? டிக்கெட்டக் குடுங்க மேடம்."

மேடம் என்றாள். கொடுத்தேன். கவுண்டரைப் பூட்டிவிட்டுக் கப்பல் நிற்கும் ஜெட்டி வரை ஓடினேன். கப்பல் ஏணியில் ஏறுகிற நூறு முதுகுகளில் எது அவளுடையது என்று எனக்குத் தெரியவில்லை. அன்றைக்குத்தான் முதன்முறையாக என்மேல் எனக்கே பயம் வந்தது.

பதினொரு வருடம் அவள் என்னோடு பேசவில்லை. போன் எடுத்தால் என் குரல் கேட்டதும் வைத்துவிடுவாள். சேவியர் கிறிஸ்துமஸுக்குத் தனியாகப் போய்வந்தார். அவள் மகள் கல்யாணப் பத்திரிகை அவர் பெயருக்கு மட்டும் வந்தது. 'குடும்பத்தாருடன்' என்று அச்சிலிருந்ததைப் பேனாவால் அடித்திருந்தாள்.

நானும் நம்பிவிட்டேன். ரெண்டு நிமிடம் ஒரு முகத்தையே பார்த்துவிட்டுத் தெரியவில்லை என்றால், அது பாசமில்லாத மனசாகத்தானே இருக்க வேண்டும்? மாதாமாதம் பாவசங்கீர்த்தனத்தில் கர்வம் என்ற பாவத்தைச் சொன்னேன். ஃபாதரும் ஐம்பத்துமூன்று மணி ஜெபமாலை சொல்லச் சொல்வார். எத்தனை ஃபாதர்கள் மாறினார்கள்! பாவம் மாறவில்லை.

5

இடையில் ஒரு நல்ல காலம் வந்தது. உலகமே மாஸ்க் போட்ட காலம்.

நீங்களெல்லாம் கஷ்டப்பட்ட நேரத்தில் இப்படிச் சொல்லக்கூடாது. ஆனால் பஜாரில் ஒருவரையொருவர் முறைத்துப் பார்த்து, "அரே, யாரு, நம்ம ராவ் பாயியா?" என்று தடுமாறியதைப் பார்க்க எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது தெரியுமா? முழு ஊரும் என் நிலைமைக்கு இறங்கி வந்திருந்தது. எல்லோரும் தங்கள் பெயரைச் சொல்லிவிட்டே பேசத் தொடங்கினார்கள். எனக்கு ஏழெட்டுப் புதிய சிநேகிதிகள் கிடைத்தார்கள். மாஸ்க்கைக் கழற்றிய வாரமே எல்லோரையும் இழந்தேன்.

6

போன மழைக்காலத்தில் எங்கள் தெருவில் ஒரு வங்காளி வாத்தியார் இறந்துபோனார். நல்ல மனிதர். துக்கத்துக்குப் போனேன். பெண்கள் எல்லோரும் வெளிர்நிறச் சேலையில், ஒரு சத்தமும் இல்லாமல் உட்கார்ந்திருந்தார்கள். சத்தம் இல்லாத கூட்டம் எனக்கு இருட்டுக்குச் சமம். நடுவில் மிகவும் சோர்ந்து இருந்தவர்தான் மனைவி என்று முடிவு செய்து, போய்க் கட்டிக்கொண்டேன். "தெய்வம் மாதிரி மனிதர் போய்விட்டாரே, இனி நீங்கள் தனியாக எப்படி இருப்பீர்கள்" என்று இந்தியில் அழுதேன். உண்மையாகவே அழுதேன்.

அந்த அம்மாள், நாள் முழுக்கப் பஸ்ஸில் வந்து இறங்கிய திக்லிபூர் உறவுக்காரர். சோர்வு பஸ்ஸினால் வந்தது. அவர் கணவர் பக்கத்தில் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தார். டீ அவருக்குப் புரையேறியது.

எங்கள் தெரு இதைச் சிரித்துத் தீர்த்தது. சேவியர் சிரிக்கவில்லை. வீட்டுக்கு வந்து சட்டையைக்கூட மாற்றாமல் உட்கார்ந்தார். பிறகு கேட்டார். "ஸ்டெல்லா, நேத்து ராத்திரி என்ன கொழம்பு வச்ச, சொல்லு."

"என்னத்துக்கு?"

"சும்மா சொல்லேன்."

அவர் எதை நினைத்துக் கேட்கிறார் என்பது புரிந்தது. மறதி நோய். சாளைக் குழம்பு என்று சரியாகச் சொன்னேன். ஆனாலும் அந்தப் பயம் எங்கள் இருவரோடும் மூன்று வாரம் குடியிருந்தது. அவருக்குத் தெரியாமல் ஒரு நோட்டில் பெயர்களை எழுதி வைத்து மனப்பாடம் செய்தேன், மகள் பெயர் உட்பட.

வைத்தியம் முறைப்படி தொடங்கியது. கண் டாக்டர் கண்ணாடியை மாற்றினார். அதே அந்நியர்கள் இன்னும் தெளிவாகத் தெரிந்தார்கள். பொது டாக்டர், இந்த வயதில் பெண்களுக்கு இப்படித்தான் இருக்கும் என்று சத்து மாத்திரை கொடுத்தார். எப்படித்தான் இருக்கும் என்று கேட்பதற்குள் அடுத்த நம்பரைக் கூப்பிட்டுவிட்டார். ஜெபக்கூட்டத்தில் தலையில் கைவைத்துக் கர்வப் பிசாசை ஓட்டினார்கள். போகிற பிசாசின் முகத்தையாவது பார்க்கலாம் என்றால், பார்த்தும் பயனில்லை.

கடைசியில் மெயின்லேண்டிலிருந்து முகாமுக்கு வந்த ஒரு நரம்பு டாக்டரிடம் சீட்டுக் கிடைத்தது. சின்ன வயசுப் பெண். நடந்ததையெல்லாம் சொன்னேன், கப்பலில் புளிச்சோறு முதல் துக்கவீடு வரை. சிரிக்காமல் கேட்ட முதல் ஆள் அவர்தான். பிறகு லேப்டாப்பில் படங்களாகக் காட்டினார். முடி, காது, உடை எல்லாம் வெட்டி, வெறும் முகம் மட்டும். எல்லாம் பிரபலமானவர்களாம். ரூபாய் நோட்டில் இருப்பவரை மட்டும் சொன்னேன், அதுவும் கண்ணாடியை வைத்து. பெரிய சினிமா நடிகர் ஒருவரை எங்கள் பங்குக் கோயில் உபதேசியார் என்றேன்.

டாக்டர் சேவியரின் போனை வாங்கி ஏதோ செய்தார். இன்னொரு முகம் திரையில் வந்தது.

"இவங்க யாரு?" என்று இந்தியில் கேட்டார்.

நன்றாகப் பார்த்தேன். "தெரியலையே. யாரோ ரொம்பக் களைச்சுப்போன பொம்பள. பாவமா இருக்கு."

சேவியர் நாற்காலியில் அசைந்தார். டாக்டர் அவரைக் கையமர்த்திவிட்டு என் பக்கம் திரும்பினார். "அது நீங்கதான், ஆன்ட்டி."

அந்தக் களைத்துப்போன பெண்ணை மறுபடி பார்த்தேன். பாசமில்லாதவள் என்று இத்தனை வருடம் நான் திட்டிக்கொண்டிருந்தது இவளைத்தான்.

டாக்டர் நிதானமாகச் சொன்னார். மறதி இல்லை. கண்ணிலும் குறை இல்லை. முகங்களைப் பிரித்தறிய மூளையில் ஒரு வேலை நடக்கிறது, சிலருக்குப் பிறவியிலேயே அது நடப்பதில்லை. ப்ரோசோபக்னோசியா என்று பெயர். என் குடும்பத்தில் யாருக்கும் கிடைத்திராத நீளமான பட்டம். மூன்று முறை சொல்லச் சொல்லிக் கற்றுக்கொண்டேன்.

"இதுக்கும் கர்வத்துக்கும் சம்பந்தம் உண்டா டாக்டர்?"

"இல்ல."

"பாசத்துக்கு?"

"ஒரு சம்பந்தமும் இல்ல ஆன்ட்டி."

"மருந்து?"

"மருந்தும் இல்ல."

அப்போதுதான் எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. சேவியர் டாக்டரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே என்னை வெளியே கூட்டிவந்தார். "மருந்தே இல்லன்னு சொல்லுதாவ, நீ எதுக்குட்டி சிரிக்க?" என்றார். சொல்லிவிட்டு, வாட்ச்மேன் பார்க்கிறானே என்றுகூடப் பாராமல், என் தோளைப் பிடித்துக்கொண்டு அவரும் சிரித்தார். அவர் கண் நிறைந்திருந்தது. மூன்று வாரமாக அவர் தூங்கவில்லை என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது.

7

பெயர் கிடைத்தால் போதுமா? அதைக் காகிதத்தில் ஏற்ற வேண்டும். ஆஸ்பத்திரிக் கவுண்டரில் இருந்தவர் கம்ப்யூட்டரில் தேடினார், கிடைக்கவில்லை. கடைசியில் அவரே ஒரு வழி கண்டுபிடித்து எழுதிக் கொடுத்தார். 'கண் நார்மல். மூளை நார்மல். புகார்: ஆள் தெரியவில்லை.' யாரைத் தெரியவில்லை என்று குறிப்பிடாததால், போலீஸ் ஸ்டேஷனில் கொடுக்க வேண்டிய காகிதம் போல இருந்தது.

அதை எடுத்துக்கொண்டு என் மேலதிகாரியிடம் போனேன். அவர் படித்துவிட்டுக் கதவைச் சாத்தினார்.

"மேடம், நீங்க எத்தனை வருஷமா போட்டோ செக் பண்றீங்க?"

"இருபத்திரண்டு வருஷம் சார்."

"இதை நான் மேலே அனுப்பினா என்ன கேப்பாங்க? இருபத்திரண்டு வருஷ டிக்கெட்டையும் எடுத்துவான்னு கேப்பாங்க. அந்த ரெக்கார்டு இருந்த ரூம்ல தண்ணி ஒழுகி எல்லாம் போச்சு. நம்ம ரெண்டு பேர் நன்மைக்காகச் சொல்றேன். இந்த வியாதி உங்களுக்கு ரிட்டையர் ஆன பிறகு வரட்டும்."

மறுவாரமே என்னைச் சரக்குப் பிரிவுக்கு மாற்றினார். உத்தரவில் காரணம் 'நிர்வாக வசதி' என்றிருந்தது. இப்போது பெட்டிகளோடு வேலை. எல்லாவற்றின்மேலும் பெயர் ஒட்டியிருக்கிறது.

ஃபாதரிடம் போய், "இத்தனை வருஷம் நான் சொன்னது பாவமே இல்லையாம் ஃபாதர், அந்த ஜெபமாலையெல்லாம் என்ன ஆச்சு?" என்று கேட்டேன். அவர் கொஞ்சம் யோசித்து, "வீண் போகாதம்மா, வேற பாவம் ஏதாவது இருக்கும், அதுக்கு வச்சுக்கோ" என்றார். ஜெபக்கூட்டத்துப் பெண்களில் பாதிப் பேர் தங்களுக்கும் இது லேசாக இருப்பதாகச் சொல்லத் தொடங்கினார்கள். ஏழைச் சொந்தங்களைப் பார்க்கும்போது மட்டும் வருகிறதாம்.

மகள் ஷைனி பெங்களூரில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் பேசுவாள், பத்து நிமிடம். தமிழில் தொடங்கி, இந்தியில் போய், ஆங்கிலத்தில் 'பை' சொல்லி முடிப்பாள். அவளிடம் சொன்னேன்.

"ஸ்கூல் கேட்ல நீ என்னைத் தாண்டிப் போவியே," என்றாள்.

"ஆமாட்டி."

"நான் கையத் தூக்கிட்டுக் கத்துவேன். எல்லாப் பிள்ளைங்களும் சிரிப்பாங்க. உனக்கு என்னைப் புடிக்கலன்னு நெனச்சேன்மா. அப்புறம்தான் சிவப்பு பேக் வாங்கித் தரச் சொன்னேன். சிவப்பு ரிப்பன், சிவப்பு குடை. அதப் பாத்தா நீ நேரா வந்துருவ."

"உனக்குச் சிவப்புதான இஷ்டம்? எல்லாம் அதுலயேதான் வாங்குவ."

"எனக்குச் சிவப்பே புடிக்காதும்மா," என்றாள்.

ஆறு வயதுப் பிள்ளை கண்டுபிடித்ததை டாக்டர்கள் கண்டுபிடிக்க இத்தனை காலம் ஆகியிருக்கிறது. அன்று ஒரு மணி நேரம் பேசினோம்.

8

மிச்சம் இருந்தது பேபி.

சேவியர் போன் போட்டு எல்லாம் விளக்கினார். நான் பக்கத்தில் நின்று கேட்டேன். அவள் சொன்னது: "அவ கவர்மெண்ட் ஆளு. என்ன சீட்டு வேணும்னாலும் எழுதி வாங்குவா. நீயும் நம்பு."

இரண்டு நாள் கழித்து அவளே கூப்பிட்டாள், அண்ணனைத்தான். "வரச் சொல்லு. தனியா வரட்டும். ஜெட்டியில நான் நிப்பேன்." அவ்வளவுதான்.

காலைக் கப்பலில் ஏறினேன். ஹட் பே போய்ச் சேர பகல் பொழுது முழுக்கப் போய்விட்டது. வழியெல்லாம் நான் யோசித்தது ஒன்றுதான். பின்னலைத் தேட வேண்டும். பதினொரு வருடத்தில் முடி வளர்ந்திருக்கும். அல்லது அந்தக் குரல். எப்படியும் கூப்பிடுவாள்.

ஜெட்டியில் இறங்கினேன். மூட்டைகள், கோழிக்கூடைகள், ஆட்டோக்காரர்கள், பிள்ளையைத் தோளில் போட்டு நிற்கிற பெண்கள். ஒரு பின்னலும் இல்லை. மைனி என்று ஒரு சத்தமும் இல்லை. ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நடந்தேன். திரும்பி வந்தேன். கூட்டம் கரைந்துகொண்டே போனது. கோபத்தில் வராமலே இருந்துவிட்டாள் என்று நினைத்தேன். விளக்குக் கம்பத்தடியில் கொண்டை போட்ட ஒரு பெண், நைட்டிமேல் துண்டு போட்டுக்கொண்டு நெடுநேரமாக நின்றாள். உள்ளூர்க்காரி, தெரிந்திருக்கும். அவளிடம் போய் இந்தியில் கேட்டேன்.

"பெஹன், இங்கே டிபன் கடை பேபி வந்தாளா? பார்த்தீர்களா?"

அவள் என் முகத்தையே பார்த்தாள். அவளது உதடு கோணியது. துண்டின் நுனியை எடுத்து வாயில் வைத்துக்கொண்டாள். எதற்கு அழுகிறாள் என்று எனக்குப் புரியவில்லை.

"யாராவது இறந்துட்டாங்களா?" என்று கேட்டேன், அதையும் இந்தியில்.

"மைனி," என்றாள். வெண்கலம் உடைந்திருந்தது. "ரெண்டு தடவ என்ன ஒரசிக்கிட்டுப் போற. நெசமாவே தெரியலையா ஒனக்கு? நெசமாவேவா?"

என் பை கீழே விழுந்தது. தெரியவில்லை என்று தலையை ஆட்டினேன்.

"பாவி, இத மொதல்லயே சொல்லிருக்கக் கூடாதா?" என்று என்னைக் கட்டிக்கொண்டாள். "பதினோரு வருசம்ட்டி. எம் மக கல்யாணத்துக்கு வராம போயிட்டியே." பத்திரிகையில் பேனாவால் அடித்தது அவள்தான் என்பது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இரண்டு பேரும் ஜெட்டியில் நின்று சத்தம்போட்டு அழுதோம். ஆட்டோக்காரர் ஒருவர் வந்து, யார் வீட்டில் துக்கம் என்று விசாரித்தார்.

கடைக்கு வந்ததும் அவள் செய்த முதல் காரியம், தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்த அத்தனை பேருக்கும் என் நோயை அறிவித்தது. "இது எங்க மைனி. மூஞ்சி தெரியாத பீமாரி. பேரச் சொல்லிட்டுப் பேசுங்க." அன்று ராத்திரி கடை மூடும்வரை ஹட் பேயில் பாதிப் பேர் வந்து, செவிடருக்குச் சொல்வதுபோலத் தங்கள் பெயரை என் காதருகில் கத்திவிட்டுப் போனார்கள்.

நான்கு நாள் இருந்தேன். பேபி சமையலறையிலிருந்து காபியோடு வருவாள், "மைனி, நான் பேபி." குளித்துவிட்டு வருவாள், "பேபிதான்." இட்லி வேகவைத்துவிட்டு எட்டிப் பார்ப்பாள், "நான்தான் மைனி, பேபி." அந்த வீட்டில் இருந்ததே நாங்கள் இரண்டு பேர்தான். அவள் நடையைக் கதவுக்கு அப்பாலிருந்தே எனக்குத் தெரியும். தெரியுமென்று நான் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.